ஒட்டிய கல்லும் கட்டிய கல்லும்: நானுஓயாவில் எது மரபுரிமை?

நானுஓயா ரயில் நிலையத்தில் இறங்கி நுவரெலியாவுக்குப் போகும் பாதையில் சில வருடங்களாக ஒரு மாற்றத்தைக் கவனித்து வருகிறேன். புதிதாக எழும் விடுதிகள், சாப்பாட்டுக் கடைகள், சுற்றுலாப் பயணிகளை நிறுத்திப் படம் எடுக்க வைக்கும் இடங்கள் என்று பலவற்றின் முன்சுவர்களும் ஒரே நிறத்துக்கு வருகின்றன. கருஞ்சாம்பல் நிறத்தில், மெல்லிய கற்பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற தோற்றம். ஹாட்வெயார் கடையில் கேட்டால் ‘சிலேட்’ என்கிறார்கள். சில கட்டடங்களில் இருப்பது இந்தியாவிலிருந்து வந்த உண்மையான சிலேட்டுக் கல். இன்னும் சிலவற்றில் இருப்பது கல்லின் படம் அச்சிட்ட டைல்ஸ்.

ஏன் இந்தக் கல் என்று கேட்டால் உரிமையாளர்கள் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். இது பழைய ஊர், வெள்ளைக்காரன் காலத்து ஊர், ஊருக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது. எந்தப் பழையதற்குப் பொருத்தம்? யாருடைய ஊருக்கு?

சுவரில் ஒட்டும் கல்லைப் பற்றி எழுத இதுவா நேரம் என்று வன்னியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வாசிப்பவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாட்டில் 600க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலை சரிந்து ஊர்கள் புதைந்தன. மலையக ரயில் பாதை பல இடங்களில் துண்டாடப்பட்டது. தோட்டத்து மக்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவது பற்றியும், விரும்புகிறவர்கள் வடக்கு கிழக்கில் குடியேறலாம் என்பது பற்றியும் பேச்சு எழுந்தது. ஆனால் இப்படியான நாட்களில்தான் எதை இடிப்பது, எதைத் திருத்துவது, எதைக் காப்பது என்பதெல்லாம் தீர்மானமாகின்றன. அழிவுக்குப் பிறகு வரும் அவசரத்தில் அந்தத் தீர்மானங்களை எடுத்தவர் யார் என்று பிறகு தேடினாலும் கிடைக்காது. 2009க்குப் பிறகு வன்னியில் இதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களில் பெரும்பாலோருக்குச் சிலேட்டு என்றால் சின்ன வயதில் எழுதி, எச்சில் தொட்டு அழித்த பலகைதான். ஆந்திராவின் மார்க்காபுரம் அந்த எழுதுபலகைகளுக்குப் பெயர்போன ஊர். பலகையும் சுவர்க் கல்லும் ஒரே வகைக் கல்தான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் படிந்த களிமண், நிலத்துக்கடியில் அழுத்தமும் ஓரளவு வெப்பமும் பட்டு இறுகிச் சிலேட்டாகிறது. அழுத்தத்தின் திசைக்கேற்ப அதன் கனிமங்கள் ஒரே பக்கமாகப் படுத்துக்கொள்வதால் உளியை வைத்துத் தட்டினால் தாள் தாளாகப் பிரியும். நல்ல சிலேட்டு தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஐரோப்பாவின் மழை நாடுகள் நூற்றாண்டுகளாக அதைக் கூரைக்குப் போட்டது இதனால்தான்.

இலங்கையின் மலைநாட்டில் சிலேட்டு கிடையாது. காரணம் சுவாரசியமானது. களிமண் சிலேட்டாகி, அதற்கு மேலும் வெந்தால் வேறு கற்களாகி, கடைசியில் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடும் கடினமான உருமாறிய பாறையாகிறது. இந்த மலைகள் அந்தக் கடைசிக் கட்டத்துக்கும் போய் வந்தவை. இத்தீவின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு இப்படியான பழம்பாறைதான். சிலேட்டு என்ற நிலையை எப்போதோ கடந்துவிட்ட மலையில் நின்றுகொண்டு, கப்பலில் வந்த சிலேட்டை மலைக்குப் பொருத்தமான கல் என்று சொல்கிறோம்.

கல்லின் கதை இருக்கட்டும். இந்த ஊரில் பழையது என்று எவை நிற்கின்றன? நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல். பிறகு இங்கிருந்து நுவரெலியா ஊடாக இராகலை வரை ஒரு சிறிய ரயிலும் ஓடி, 1940களோடு மறைந்தது. நுவரெலியா தபால் நிலையம் 1894இல் கட்டப்பட்டது. சிவப்புச் செங்கல், கடிகாரக் கோபுரம், கூரான கூரை. 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு ஒரு காரணம், இந்தக் கட்டடத்தை ஹோட்டல் திட்டத்துக்குக் கொடுக்கும் யோசனை. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. அதற்கப்பால் துரைமார் பங்களாக்கள், கிளப், தேவாலயங்கள், தேயிலைத் தொழிற்சாலைகள். சுவரில் கருங்கல், செங்கல், மரச்சட்டம். கூரையில் ஓடு அல்லது தகரம். தொழிற்சாலை என்றால் மேலிருந்து கீழ்வரை தகரம். சிலேட்டு இந்த ஊரின் பொதுவான கல்லாக இருந்ததில்லை.

அப்படியானால் கருஞ்சாம்பல் முன்சுவர் எதற்குப் பொருந்துகிறது? துரை விட்டுவந்த ஊருக்குப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்களைப் பாருங்கள். எடின்பரோ, கிளாரண்டன், டெஸ்போட். உண்மையான எடின்பரோ நகரத்தின் பழைய கூரைகள் ஸ்கொட்லாந்தின் சிலேட்டால் வேயப்பட்டவை. அதில் நிறையக் கல் அனுப்பிய பலஹூலிஷ் கற்சுரங்கம் 1955இல் மூடப்பட்டது. அதன் பிறகும் அந்த நகரம் பழைய கூரைகளைத் திருத்தும்போது இயற்கைச் சிலேட்டையே விரும்பிக் கேட்கிறது, பழைய கல்லைக் கழற்றித் திரும்பப் போடுகிறது. அங்கே அதற்கு அர்த்தம் உண்டு. அந்த மலையிலிருந்து வந்த கல், அந்த ஊரின் கூரைக்குப் போனது. இங்கே எங்கள் எடின்பரோவில் அதே கல்லை ஒட்டினால், தோட்டத்துக்குப் பெயர் வைத்த வேலையையே இன்னொரு தடவை செய்கிறோம்.

சிலேட்டுக்கு இன்னொரு ஊரும் உண்டு. எனக்கு அதன் கதைதான் முக்கியமாகப் படுகிறது.

பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டின் வடமேற்கில் ஒரு காலத்தில் மலை மலையாகச் சிலேட்டு வெட்டினார்கள். பென்ரின் என்ற பெரிய சுரங்கத்தின் சொந்தக்காரக் குடும்பம் ஜமேக்காவில் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்திச் சம்பாதித்த குடும்பம். அந்தப் பணத்தில் ஒரு பகுதி மலையில் இறங்கியது. 1900இல் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆரம்பித்த போராட்டம் மூன்று வருடங்கள் நீடித்தது. காட்டிக்கொடுப்பவர் யாரும் இந்த வீட்டில் இல்லை என்ற பொருளில் எழுதிய அட்டைகளை அவர்கள் யன்னல்களில் வைத்தார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. வேலைநிறுத்த நாளில் பெரட்டுக்குப் போனவன் வீடு எது, போகாதவன் வீடு எது என்று லயம் முழுக்கத் தெரியும்.

2021இல் அந்தச் சிலேட்டு நிலத்தோற்றம் முழுவதும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சுரங்கத்தையும் சிறிய ரயில் பாதைகளையும் முதலாளியின் மாளிகையையும் சேர்த்தவர்கள் தொழிலாளர் குடியிருப்புகளையும் விடவில்லை. லன்பெரிஸ் என்ற இடத்தில் இருக்கும் தேசிய சிலேட்டு அருங்காட்சியகத்துக்கு, வேறொரு ஊரில் இடிபட இருந்த தொழிலாளர் வீடுகளின் வரிசை ஒன்று 1990களின் இறுதியில் கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவரப்பட்டு மறுபடி கட்டப்பட்டது. நான்கு வீடுகள் கொண்ட வரிசை, அதாவது எங்கள் பாஷையில் ஒரு சின்ன லயம். அதில் ஒரு வீட்டை 1861இல் இருந்தபடி, ஒன்றை 1901இல் போராட்ட காலத்தில் இருந்தபடி, இன்னொன்றை அங்கிருந்த சுரங்கம் மூடப்பட்ட 1969இல் இருந்தபடி வைத்திருக்கிறார்கள்.

அதே வேல்ஸில் சிலேட்டைப் புதிய கட்டடங்களிலும் போடுகிறார்கள். கார்டிஃப் நகரில் 2004இல் திறக்கப்பட்ட வேல்ஸ் மிலேனியம் சென்டர் என்ற கலை அரங்கின் சுவர்களில் பல சுரங்கங்களின் கல், ஊதாவும் பச்சையும் சாம்பலுமாக அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. கட்டடம் பழையது போல நடிக்கவில்லை, பார்த்தவுடனே புதியது என்று தெரியும். கல் மட்டும் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது. 1964இல் வெனிஸில் எழுதப்பட்ட மரபுரிமைச் சாசனமும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது. பழைய கட்டடத்தில் புதிதாகச் சேர்ப்பது அதனோடு இசைந்து போக வேண்டும், அதே நேரம் புதியது என்று பிரித்தறியவும் முடிய வேண்டும்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரை ‘வரலாற்றுச் சூழல்’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் மனதில் லயம் இருக்கிறதா? இல்லை என்பதே என் அனுபவம். சுற்றுலாப் பிரசுரத்தில் தபால் நிலையம் இருக்கும், பங்களா இருக்கும், பச்சைச் சரிவில் கூடையோடு ஒரு பெண் இருப்பாள். அந்தப் பெண் மாலையில் எங்கே போகிறாள் என்பது படத்தில் இருக்காது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, தகரக் கூரை, ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். நூறு வருடம் தாண்டிய லயங்கள் இன்னும் ஆட்கள் வாழும் இடங்களாக நிற்கின்றன. தபால் நிலையத்துக்கு இருக்கும் வயது அவற்றில் பலவற்றுக்கு உண்டு. கருங்கல் சுவரைக் கட்டிய கைகளும் ஒரே கைகளாக இருந்திருக்கலாம்.

இங்கே ‘மரபுரிமை’ என்ற சொல்லே இந்த இணையத்தளத்தின் வாசகர்களுக்கு நெருடும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். தொல்பொருள் திணைக்களத்தின் பெயர்ப்பலகை வடக்கிலும் கிழக்கிலும் எதை அறிவிக்கிறது என்று நாம் பார்த்திருக்கிறோம். குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை என்று பெயர் சொன்னாலே போதும். 2020இல் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் இடங்களுக்கென ஒரு ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இருக்கவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ ஒரு கோடாக வைத்திருக்கிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் போன நாள் அது. அதற்கு முந்தியது தானாகவே தொன்மை, பிந்தியதை யாராவது தனியாக அறிவிக்க வேண்டும். மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் கிடக்கிறது. 1823இல் கம்பளைப் பகுதியின் முதல் கோப்பித் தோட்டத்தோடு தொடங்கியதாக எண்ணி, 2023இல் இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். நடந்த பாதையில் நிறுத்திக் காட்டுவதற்குக் கட்டடம் என்று எத்தனை இருந்தன?

சட்டம் இப்படி இருப்பதால், லயத்தைத் திணைக்களத்திடம் கொடுத்துக் காப்பாற்றச் சொல்லும் யோசனை எனக்கு இல்லை. அந்தப் பெயர்ப்பலகை வந்தால் முதலில் கூரைத் தகரம் மாற்றவே அனுமதி கேட்க வேண்டி வரும் என்று ஒரு தோட்டத்து இளைஞர் சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்பில் பயமும் இருந்தது.

லயத்தையா மரபுரிமை என்கிறாய், அது இடித்துத் தரைமட்டமாக்க வேண்டிய அவமானம் என்பவர்களும் என் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பெரிய வேறுபாடு கிடையாது. ஒருவரும் அருங்காட்சியகத்துக்குள் குடியிருக்கக் கூடாது. ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு என்ற கோரிக்கைக்கு வந்து சேரவே தலைமுறைகள் ஆகின. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகள், 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்தபோது அறிவித்த இன்னொரு 10,000. தேவையோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்ணிக்கை, வேகமும் போதாது. சரிவின் கீழ் நிற்கும் லயத்திலிருந்து மக்கள் நாளைக்கே வெளியேற வேண்டும். அந்த வெளியேற்றத்தை ஒரு நாள்கூடத் தாமதப்படுத்தும் எந்த மரபுரிமைப் பேச்சுக்கும் நான் துணை போகமாட்டேன்.

ஆனால் மக்கள் வெளியேறிய பிறகு, பெக்கோ வருவதற்கு முன், சில நாட்கள் கிடைக்கும். அந்த நாட்களில் ஒன்றும் நடப்பதில்லை. யாரும் அளவெடுப்பதில்லை, படம் எடுப்பதில்லை, எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள் என்று எழுதுவதில்லை. தொங்கல் காம்பராவில் இரவுப் பாடசாலை நடந்தது, நடுக் காம்பராவில் சங்கக் கூட்டம் நடந்தது என்பதெல்லாம் வயதானவர்களோடு போய்விடுகிறது. 1940 ஜனவரியில் முல்லோயாவில் சுடப்பட்ட கோவிந்தனின் பெயரையும், காணி பறிப்புக்கு எதிராக நின்று 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட சிவனு லட்சுமணனின் பெயரையும் ஆண்டுக்கொரு முறை சொல்கிறோம். அவர்கள் எந்த லயத்தில், எந்தக் காம்பராவில் வாழ்ந்தார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா? விதிவிலக்கு இல்லாமல் இல்லை. கம்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவகம் பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. இப்படி ஒன்றிரண்டுதான்.

வன்னி வாசகர்களுக்கு இதில் நேரடியான பங்கு உண்டு. 1977 வன்முறைக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் இந்தத் தோட்டங்களிலிருந்து ஓடிப்போன குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறின. காந்தியம் அமைப்பு பலருக்குக் கைகொடுத்தது. அந்தக் குடும்பங்களில் பலர் 2009 வரை நடந்து முடிந்தவற்றுக்குள் அகப்பட்டார்கள். என் உறவினர் ஒருவர் கிளிநொச்சியில் இருக்கிறார். அவர் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறையில் நான்கு வீடுகள். நானுஓயாப் பக்கத்து லயக் காம்பராதான் அதில் இன்னும் நிற்கும் ஒரே சுவர். மற்ற மூன்றின் அத்திவாரமும் தெரியாது. அவருக்கு அந்த லயம் அவமானத்தின் அடையாளமா, வேரா என்று கேட்டேன். “ரெண்டுந்தான். ஆனா இடிக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கா சொல்லுங்க, வந்து பாத்துட்டுப் போறேன்” என்றார்.

போர் நடந்த இடங்களில் சுவரை மூடுவது பற்றி நமக்கு ஓர் அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அதே முகத்தோடு திருத்திக் கட்டுவதா, எரிந்த சுவர்களை அப்படியே சாட்சியாக விட்டுப் பக்கத்தில் புதியது கட்டுவதா என்ற விவாதம் நடந்தது. முதலாவதுதான் நடந்தது. 2003இல் நூலகம் திரும்பத் திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டியிருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்று வெள்ளை வெளேரென்ற அந்த முகப்பின் முன் நின்று படம் எடுக்கும் தெற்கத்திச் சுற்றுலாப் பயணிக்குக் கட்டடம் எதையும் சொல்வதில்லை. எரிந்தது என்று யாராவது வாயால் சொல்ல வேண்டும். புதிய தோல் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் அடியில் இருப்பது மறையும். சிலேட்டு ஒட்டும் சுவருக்கும் இது பொருந்தும்.

கட்டட வேலையைப் பொறுத்த சில விஷயங்களையும் சொல்ல வேண்டும். காரணம், பழைய கட்டடத்தைக் கொல்வது பல நேரம் சீமெந்துதான். ஐரோப்பாவில் இப்போது சுவருக்குச் சிலேட்டு போடும்போது பெரும்பாலும் ஒட்டுவதில்லை, தொங்கவிடுகிறார்கள். சுவரில் சட்டம் அடித்து, கொக்கியிலோ ஆணியிலோ கல்லை மாட்டி, கல்லுக்கும் சுவருக்கும் இடையில் காற்றோட இடம் விடுகிறார்கள். உள்ளே போகும் ஈரம் கீழே வடிந்து காய்ந்துவிடும். இங்கே நடப்பது வேறு. சீமெந்துச் சாந்தோ பசையோ பூசி நேரே சுவரில் அப்புகிறார்கள். நானுஓயா 1,600 மீற்றருக்கு மேலே இருக்கிறது. மழையும் மூடுபனியும் பழக்கமானவை. ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியாப் பக்கம் துகள் உறைபனியும் விழும். ஒட்டிய கல்லின் பின்னால் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். வெள்ளையாக உப்புப் பூக்கும், பாசி பிடிக்கும், பிறகு ஒரு நாள் துண்டாகக் கழன்று விழும். மலிவான சிலேட்டில் இரும்புக் கனிமம் கலந்திருந்தால் ஓரிரு மழைக்காலத்திலேயே துருக்கோடுகள் வடியும். சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ கட்டிய பழைய கருங்கல் சுவரின் மேல் இதைச் செய்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தச் சுவர் மூச்சு விட்டுத்தான் இத்தனை வருடம் நின்றது.

பாரத்தையும் கணக்குப் போடலாம். பத்து மில்லிமீற்றர் தடிமன் சிலேட்டு ஒரு சதுர மீற்றருக்கு 27, 28 கிலோ வரும். நூறு சதுர மீற்றர் முன்சுவருக்கு இரண்டேமுக்கால் தொன், சாந்து தனி. சரிவில் கட்டும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி எடுப்பதெல்லாம் கட்டடத்துக்குத்தான், பிறகு ஒட்டும் கல்லை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

ரதல்லப் பக்கம் ஒரு மேசன் அண்ணனோடு பேசினேன். அவரது அப்பா தோட்டத்தில் கல்கட்டு வேலை செய்தவர். தேயிலைச் சரிவுகளில் மண் வழியாமல் இருக்கக் கட்டிய தடுப்புச் சுவர்களில் பல அவரும் அவர் காலத்து ஆட்களும் கட்டியவை. சாந்து இல்லாமல் கல்லுக்குக் கல் பூட்டி நிற்கும் சுவர்கள். மகன் இப்போது விடுதிகளுக்குச் சிலேட்டு ஒட்டுகிறார், கூலி பரவாயில்லை. “இது ஒட்டுற வேல தம்பி. அப்பா செஞ்சது கட்டுற வேல. ஒட்டுறதுக்குக் கல்லப் பாக்கத் தேவையில்ல, லெவல் பாத்தாப் போதும்” என்றார். கட்டத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், ஆனால் யாரும் கேட்பதில்லை என்றார். டித்வாவுக்குப் பிறகு சில இடங்களில் பழைய கல்கட்டு நின்றதையும் பக்கத்துக் கொங்கிறீட் சுவர் சாய்ந்ததையும் அவர் பார்த்திருக்கிறார். அதற்குக் காரணம் சொல்லும்போது அவர் கையில் உளி இல்லாமலே உளியைப் பிடித்திருப்பது போல விரல்கள் அசைந்தன. கல்லுக்கு இடையில் தண்ணீர் போக வழி இருக்கிறது, கொங்கிறீட்டில் வழி அடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்றார்.

இந்த மலையிலேயே நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. ஜெஃப்ரி பாவாவும் அவரோடு வேலை செய்த டென்மார்க்காரர் உல்ரிக் பிளெஸ்னரும் 1960களின் தொடக்கத்தில் பண்டாரவளைக் கன்னியர் மடத்துக்குக் கட்டிய சிற்றாலயத்தில் உள்ளூர்க் கல்லால் கனத்த சுவர் எழுப்பினார்கள். அது எந்த இங்கிலாந்துத் தேவாலயத்தையும் போல இல்லை, மலைக்கு அந்நியமாகவும் இல்லை. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாக மாறியபோது, அதன் தகரத் தோலையும் யன்னல் வரிசையையும் கல்லால் மூடாமல் அப்படியே விட்டார்கள். அந்த ஹோட்டலில் ஒரு இரவுக்கு என்ன கட்டணம், பக்கத்து லயத்தில் என்ன சம்பளம் என்ற கேள்வி வேறு, அதை மறக்கச் சொல்லவில்லை. கட்டட வேலை என்ற அளவில் அது நேர்மையானது.

சிலேட்டைத் தடை செய்யச் சொல்லும் ஆள் நான் இல்லை. தன் காசில் ஒருவர் தன் புதுக் கட்டடத்துக்கு என்ன போடுகிறார் என்பதில் நகர சபை ஓரளவுக்குத்தான் தலையிடலாம். ஆனால் நகர அபிவிருத்தி அதிகார சபையோ பிரதேச சபையோ ‘ஊரின் தன்மைக்கு ஏற்ற முகப்பு’ என்று எதையாவது கேட்கும்போது அந்தத் தன்மை எது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அதில் கருங்கல், செங்கல், தகரம் என்ற மூன்றும் வர வேண்டும், லயமும் கல்கட்டும் வர வேண்டும். பழைய சுவர் எதன்மேலும் சீமெந்து வைத்துக் கல் ஒட்டக் கூடாது. கல்தான் வேண்டும் என்றால் அந்த மேசன் அண்ணனைப் போன்றவர்களுக்குக் கட்டும் வேலையாகக் கொடுங்கள். புதிதாக மலையை உடைக்கவும் தேவையில்லை, வெடி வைத்தால் பக்கத்து லயத்துச் சுவர்தான் வெடிக்கும். ஏற்கெனவே இடிபடும் சுவர்களில் வேண்டிய அளவு வெட்டிய கல் கிடக்கிறது.

அந்தக் கல் பற்றித்தான் இப்போது ஒரு சிக்கல். அண்மையில் ஒரு தோட்டத்தில் புது வீட்டுக்குப் போகும் பன்னிரண்டு குடும்பங்களோடு சேர்ந்து, நாங்கள் சிலர் லயத்தை அளந்தோம். டேப், ஒரு பயிற்சிப் புத்தகம், இரண்டு போன். காம்பரா காம்பராவாக யார் எந்த வருடத்திலிருந்து இருந்தார்கள் என்று எழுதினோம். ஒரு பாட்டி தன் காம்பராவில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, வவுனியாவுக்குப் போன இருவரின் பெயரில் நிறுத்திக்கொண்டார். சுவரின் தடிமன் ஒன்றரை அடி, முழுக்கக் கருங்கல். புது வீடுகளுக்குப் பின்னால் மண் சரியாமல் கல்கட்டு கட்ட அந்தக் கல்லைத் தாருங்கள் என்று குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, சுவர் யாருடையது என்று கேட்டுத் தோட்ட அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இதற்கிடையில் பழைய கல்லுக்கு நல்ல விலை தருவதாகச் சொல்லி இரண்டு லொறிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கல் எங்கே போகும் என்று கேட்டதற்கு, நுவரெலியாவில் ஒரு புது விடுதியின் முன்சுவருக்கு என்றார்கள்.